இட்லி பாய்லரில் ஓடிய கப்பல்

விக்கிரமசிங்கபுரத்தில் மனிதர்களின் கோபத்தை நீராவி அழுத்தத்தில் அளந்து சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். பெயர் இசக்கிதுரை. நூல் மில்லின் பாய்லர் கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் தீயையும் தண்ணீரையும் அழுத்தமானியின் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றும் அந்தக் கண் மாறவில்லை. தெருக்குழாயில் சண்டை நடந்தால், "எழுபது பவுண்டு. இன்னும் பத்து ஏறினா வால்வு தூக்கிரும்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போவார். அவர் முக்குத் திரும்புவதற்குள் குடம் பறக்கும். பறந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறை அது என் குடம்.

அவருடைய மனைவி ஆறுமுகத்தாய் ஒரு செவலைப் பசுவை வைத்து இந்தத் தெருவுக்கே பால் ஊற்றுகிறவள். "எங்க வீட்டு முள்ளு ஒடைஞ்சு நாப்பது வருசமாச்சு டீச்சர்" என்பாள். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. பேச்சைக் கேட்டால் தெரியும்.

நான் அம்பாசமுத்திரத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். ஓய்வு பெற்றதும் இசக்கிதுரைக்குப் பார்ப்பதற்கு ஒரு பாய்லரும் இல்லை. அதனால் சாயங்காலமானால் என் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்து என் குக்கரைப் பார்க்க ஆரம்பித்தார். "விசிலுக்கு முன்ன லேசாத் திணறுது டீச்சர். வாஷர மாத்துங்க." மாற்றினேன். "இப்பம் எட்டு செகண்டு முந்தி விசில் வருது." எத்தனை நாளைக்கு ஒரு பெண்பிள்ளை இதைத் தாங்குவாள்? குக்கரைக் காப்பாற்றுவதற்காக அவருக்கு ஒரு கப்பலைக் கொடுத்தேன்.

பள்ளிக்கூட நூலகம் கழித்துக்கட்டிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் என்னிடம் இருந்தது. அதில் கிரேட் வெஸ்டர்ன் என்ற கப்பலின் கதை வருகிறது. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டில் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வருவதற்கென்றே கட்டிய நீராவிக் கப்பல். ஓக் மரத்தில் உடம்பு, இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், நடுவில் பாய்லர். அத்தனை தூரத்துக்கு வேண்டிய கரியைச் சுமக்க எந்தக் கப்பலாலும் முடியாது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். இது பதினைந்து நாளில் போய்ச் சேர்ந்ததோடு இருநூறு டன் கரியை மிச்சமும் வைத்திருந்தது.

இசக்கிதுரைக்கு மனசு நின்றது அந்த மிச்சத்தில்தான். "இருநூறு டன்னா" என்று நான்கு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வேகமாப் போறது பெருசில்ல டீச்சர். மிச்சம் வச்சான் பாத்தியளா, அவந்தான் பாய்லர்காரன்."

ஒரு மாதம் தினமும் நாலு மணிக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் கையிலிருந்து கொஞ்சம் உப்புப் போட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. கப்பலின் சமையற்காரர் பாளையங்கோட்டைக்காரர் என்றது பொய். பெண்டாட்டி ஏறி உட்கார்ந்தால் ஒழியக் கயிறவிழ்க்க மாட்டேன் என்று கேப்டன் அடம்பிடித்தார் என்றதும் பொய். மற்றதெல்லாம் அச்சில் உள்ளது.

கதை முடிந்த அன்று அவர் என் குக்கரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "முப்பத்தெட்டு வருசம் தெனம் ஸ்டீம் எழுப்பினேன். அது நூலச் சுத்திச்சு, சாயத்தைக் கொதிக்க வச்சுது. என்னைய மட்டும் ஒரு அடி நகத்தல. ஒரு தரம் அதுமேல ஏறி உக்காந்து போயிரணும் டீச்சர்."

அடுத்த புதன்கிழமை அலிமா பீவி வந்தாள். மேலப்பாளையத்திலிருந்து குட்டி லாரியில் பழைய இரும்பு எடுக்க வருகிறவள். வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம் மூடியதில் கிடைத்த பெரிய இட்லி பாய்லர் அன்று லாரியின் மேலே இருந்தது. ஒரு தடவைக்கு நானூறு இட்லி அவிக்கிற சாமான். இசக்கிதுரை அதைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், கண்ணை மூடினார். மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பதுபோல அதன் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத உடைக்கக் கொண்டு போறேன். நீங்க என்ன பொண்ணு பாக்குத மாதிரி பாக்குதிய?" என்றாள் அலிமா பீவி.

"இது உடைக்கிற வயசுல்ல தாயி. எறக்கு."

இறக்கியது மாட்டுத் தொழுவத்தில். வேறு இடமில்லை. செவலைப் பசு தெருவுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றது. அன்றைக்குப் பார்த்துக் கோடை மழை.

"மாடு நனையுது. இட்லிச் சட்டி தொழுவத்துல சொகமாக் கெடக்கு. இது எந்த ஊரு நியாயம்?" என்றாள் ஆறுமுகத்தாய். தெருவே கேட்டது. இசக்கிதுரை என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். நூற்றுப் பத்து பவுண்டு என்று புரிந்தது. அவள் அலிமா பீவியையும் என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்:

"இந்தா பாருங்க. அந்தக் கப்பல் போய்ச் சேந்தது நம்ம சித்திரை பத்துன்னு சொன்னியல்லா. வார சித்திரை பத்துக்கு இந்தச் சட்டி உங்கள ஏத்திக்கிட்டு ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். ஒருத்தரும் தள்ளப்பிடாது, இழுக்கப்பிடாது. வந்துட்டா மாட்டுக்கு நான் வேற கொட்டகை போட்டுக்கிடுதேன். வரலன்னா அன்னைக்கே இவ லாரியில ஏத்தி உடைக்க அனுப்பிருவேன். பொறவு ஸ்டீமு கீமுன்னு இந்த வீட்டுல பேச்சு இருக்கக்கூடாது."

"சரி" என்றார் இசக்கிதுரை. அந்த ஒரு வார்த்தையில் பதினோரு மாத வேலை இருந்தது.

லாரி பிரேக்கின் காற்றுப் பம்பு ஒன்றைப் பிரித்துக் கடைசல் பிடித்து எஞ்சினாக்கினார். துடுப்புச் சக்கரத்துக்கு மில்காரர்களின் பழைய சைக்கிள் ரிம்கள், அவற்றில் பலாப்பலகைகள். மிதப்பதற்குப் பதினாறு நீலப் பீப்பாய்கள், மேலே பலகைத் தளம். பாய்லரை மட்டும் மூன்று முறை தண்ணீர் நிரப்பி, வேண்டிய அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு ஏற்றிச் சோதித்தார். சோதனை நாட்களில் அதில் பொருத்திய விசிலைக் கேட்டுப் பாபநாசத்துக் குரங்குகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையாளத்துக்குப் போயின. மூட்டையை நான் பார்க்கவில்லை. குரங்குகள் இல்லாததைப் பார்த்தேன். அனுமதி வாங்கினீர்களா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றவள்.

சுக்கான் பிடிக்கப் பரமசிவன் வந்தார். மில் பஸ் ஓட்டியவர். பஸ்ஸின் ஸ்டியரிங்கையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். எங்கே கழற்றினீர் என்றதற்கு, ஹாரனும் வேண்டுமா என்று கேட்டார்.

பங்குனி மாதம் ஐம்பத்து நான்கு பேர் கப்பலில் ஏறுவதற்குப் பெயர் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஏழு பேர், எட்டு நடை என்று திட்டம். சித்திரை எட்டாம் தேதி, அணைக்கட்டுக்கு மேலே ஆழமாகத் தேங்கியிருக்கும் தண்ணீரில் கப்பலை இறக்கிக் கரையோடு கட்டிவைத்துத் தீ மூட்டிப் பார்த்தார்கள். நிழலுக்குப் போட்டிருந்த ஓலைக்கூரை புகைபோக்கியின் சூட்டில் பற்றிக்கொண்டது. அணைக்க ஏறிய இசக்கிதுரை ஏணியோடு விழுந்து கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார். விழுந்தவரைத் தூக்கப் போனால் முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், அந்தக் கப்பலுக்கும் கெளம்புததுக்கு முன்ன தீப்பிடிச்சுதுல்லா? கட்டின இன்ஜினீயரும் ஏணியிலேருந்துதான விழுந்தாரு?"

"ஆமா, அண்ணாச்சி."

"அப்பம் எல்லாம் சரியாப் போவுது."

மறுநாள் விடிந்ததிலிருந்து பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து பெயரை அடித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் வள்ளியூரில் கல்யாணம். வந்தவர்கள் சொன்ன கல்யாணத்தையெல்லாம் கூட்டினால் அந்த ஊரில் இனிமேல் கட்டுவதற்கு ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் மிச்சமிருக்க முடியாது. ஒவ்வொருவர் போகப்போக இசக்கிதுரைக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே வந்தது. அந்தக் கப்பலுக்கும் தீ விபத்தைக் கேட்டு ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழே பேர்தான் ஏறினார்கள்.

"இங்க எத்தன பேரு மிச்சம்?"

"ஆறு" என்றேன். அவரோடு மில்லில் இருந்த நான்கு பேர், நான், அலிமா பீவி. அலிமா பீவிக்குக் கப்பல் ஆசை ஒன்றுமில்லை. "என் லாரிக்கு வர வேண்டிய சாமான். அது எங்கன போவுதோ அங்கன நானும் போவேன்" என்றாள்.

"ஏழாவது ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் இசக்கிதுரை.

சித்திரை பத்து. காலை ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் தலை எண்ண முடியாத கூட்டம். வள்ளியூரில் கல்யாணம் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வந்த கூட்டத்துக்குப் பொங்கல் வைப்பதற்காக ஆறுமுகத்தாய் கரையில் அடுப்புக் கூட்டிப் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நம்பிக்கையில்லாத பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பரமசிவன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைக்கப் பார்த்தார். கீழே ஆறுதான் இருந்தது. கடைசியில் பழங்களைத் துடுப்புப் பலகைகளிலேயே கட்டிவிட்டார்.

இசக்கிதுரை தளத்தில் ஒரு பத்தமடைப் பாயை விரித்தார். "ஏளா, வா."

ஆறுமுகத்தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் வரல. எல்லாரும் போயிட்டா போலீசுக்குப் பதில் சொல்லுததுக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

"நீ ஏறாம கயிறவுக்க மாட்டேன்."

நான் போட்ட உப்பு கரித்துக்கொண்டு நிற்கிறது. "அண்ணாச்சி, அந்தக் கேப்டன் பொண்டாட்டி கதை நான் விட்டது. புத்தகத்துல கெடையாது" என்றேன்.

"தெரியும் டீச்சர். அந்த அம்மா கூறைச் சேலை கட்டியிருந்தான்னு சொன்னியளே, அப்பமே தெரியும். ஆனாலும் யோசனை நல்ல யோசனைல்லா."

கூட்டம் சிரித்தது. ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை, அசையவும் இல்லை. அழுத்தம் ஏறிக் காத்திருந்தது. அதற்கு மேல் நிறுத்தினால் விறகு வீணாகும் என்று பாய்லர்காரர் மனசு சொல்லியிருக்க வேண்டும். பாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெல்லக் கயிற்றை அவிழ்த்தார்.

போனதை நான் எப்படிச் சொல்வது? முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு சக்கரம் ஒரு பலகையைத் தண்ணீரில் வைத்தது, யோசித்தது, இன்னொன்றை வைத்தது. கரை எங்களை விட்டுப் போனது. நாங்கள் போகவில்லை, கரைதான் போனது, சத்தியமாக. நான்கு மில்காரர்களும் ஷிஃப்டு முடிந்து வெளியே வருகிறவர்களைப்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிதுரை பாய்லரின் பக்கத்தில் நின்றுகொண்டு முள்ளைப் பார்க்கவேயில்லை. தண்ணீரில் தன் காலடியில் நகர்ந்துபோகும் மலையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றின் நடுவில், விசில் குழாயிலிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"அண்ணாச்சி, புகை நொரையா வருது" என்றாள் அலிமா பீவி. "பால் வாசம் அடிக்குது."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வால்வு தூக்கியது. தூக்கிய இடத்திலிருந்து நுரை பொங்கிப் பாய்லரின் தோளில் வழிந்தது. கரையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். பொங்குவதைக் கண்டால் நம் பெண்களுக்கு வாய் சும்மா இருக்காது. நூறு பேர் சேர்ந்து குலவையிட்டார்கள். குலவைச் சத்தத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமியதும், சக்கரம் நின்றதும் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

பரமசிவன் நங்கூரத்தை வீசினார். இசக்கிதுரை கீழ்க்குழாயைத் திறந்து ஒரு சொட்டைக் கரண்டியில் பிடித்து, ஆற்றி, நாக்கில் வைத்தார்.

"பாலு" என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், புத்தகத்துல பாலு உண்டா?"

"இல்ல, அண்ணாச்சி."

தீப்பிடித்தபோதும் கால் உடையப் பார்த்தபோதும் சிரித்தவர், அப்போதுதான் முதன்முதலாக முகம் வாடினார். தீக்கும் ஏணிக்கும் அவருக்கு முன்மாதிரியாக ஒரு கப்பல் போயிருந்தது. பாலுக்கு யாருமே போகவில்லை.

எல்லோரும் கரையைப் பார்த்தோம். கட்டியிருந்த ஆறுமுகத்தாயின் கைகள் இறங்கியிருந்தன.

"ஏளா, பாய்லருக்குள்ள பாலு ஊத்துனியா?"

"வெள்ளன கறந்தது அம்புட்டையும் ஊத்தினேன்." குரல் தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது. "புது வீட்டுக்குப் பாலு காய்ச்சாம யாராவது குடி போவாகளா? கப்பலு மட்டும் என்ன?"

"அடுப்புல ஒரு சட்டிய வச்சுக் காய்ச்சியிருக்கப்பிடாதா?"

"அது அடுப்புக்குல்லா சேரும். கப்பலுக்கு எப்படிச் சேரும்?"

இசக்கிதுரை கரண்டியைக் கீழே வைத்தார். நான் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவள், இப்படி ஒரு வாதத்தை எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

பாய்லரில் பால் சேர்ந்தால் சோப்புத் தண்ணீர்போல நுரைத்துக்கொண்டே இருக்குமாம். நுரை எஞ்சினுக்குள் போனால் அதற்கு மூச்சு முட்டிவிடுமாம். தீயை எடுத்து, எல்லாவற்றையும் வடித்து, இரண்டு தரம் கழுவி, ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, முதலிலிருந்து மூட்ட வேண்டும் என்றார். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. விறகு ஒரு நடைக்குத்தான் கொண்டுவந்திருந்தார்.

"இருநூறு டன் மிச்சம் வச்சவன் கதைய ஒரு மாசம் கேட்டேன்" என்றார் தணிந்த குரலில். "ஒரு சாக்குத் தேங்காச் செரட்டை மிச்சம் வைக்கலியே நான்."

பரமசிவன் யோசித்தார். "கரையில நாப்பது ஆம்பள நிக்கான் வே. கயிறு எறிஞ்சா இழுத்துருவான்."

"இழுத்தா அது கப்பலு இல்ல வே. எருமை. பந்தயமும் போச்சு." பாய்லரின் மேல் கையை வைத்தார். சுட்டிருக்கும், எடுக்கவில்லை. கரையில் அலிமா பீவியின் லாரி பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

ஆறுமுகத்தாய்க்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா நின்றால் போதும். சாயங்காலம் தொழுவம் அவளுடையது. அவள் அப்படியே நின்றாள், ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். பிறகு அண்டாவில் கிடந்த அரிசியை ஓலைப்பாயில் கொட்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில் குவித்திருந்த சிரட்டையையும் தென்னை மட்டையையும் வாரி வாரி அண்டாவில் போட்டாள். நான்கு பேரைப் பிடிக்கச்சொல்லி அதை ஆற்றில் இறக்கினாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள்.

"மைனி வாராக" என்றாள் அலிமா பீவி.

ஆறுமுகத்தாய்க்கு அறுபத்து மூன்று வயது. இந்த ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதென்றால் ஆறு கோபித்துக்கொள்ளும். அண்டாவைக் குழந்தையைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, காலை மட்டும் அடித்து வந்தாள். ஆற்று மீனெல்லாம் பின்னால் ஊர்வலமாக வந்தன. வராமல் இருந்திருந்தால் அவற்றுக்கு மரியாதை தெரியாது என்று அர்த்தம்.

இசக்கிதுரை அண்டாவைப் பிடித்து ஏற்றினார். பிறகு கையை நீட்டினார். "ஏறுதியா?"

"வெறகு கொண்டாந்தவள திருப்பி நீந்தச் சொல்லுதியளா?"

ஏறினாள். சொட்டச் சொட்ட நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். பந்தய விதி என்னாவது என்று பரமசிவன் முனகினார். "வெறகுதான கொண்டாந்தேன்? தள்ளினேனா, இழுத்தேனா?" என்று அவள் கேட்டதும் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மணி நேரம் பிடித்தது. வடித்த பால் ஆற்றில் ஒரு வெள்ளைத் தெருவாகப் போனது. ஊர் ஊராகக் குடித்தவர்கள் அன்று தண்ணீர் இனித்தது என்றார்களாம். சேரன்மாதேவிவரை விசாரித்துவிட்டேன், மறுக்க ஆளில்லை. முள் அறுபதைத் தொட்டதும் இசக்கிதுரை மனைவியைக் கூப்பிட்டு விசில் கயிற்றைக் கையில் கொடுத்தார். இழுத்தாள். பிறகு அதை விடச் சொல்வதற்குள் எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சக்கரம் சுற்றியது. அக்கரையில் முட்டினோம். எல்லோரும் இறங்கி மண்ணை மிதித்தோம். நான்கு மில்காரர்களும் வெளிநாடு வந்தவர்களைப்போல அங்கே நின்ற ஆட்டை விசாரித்தார்கள். அண்டா இடத்தை அடைக்கிறது என்று ஆறுமுகத்தாய் அதைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் கவிழ்த்தாள். திரும்பி ஏறினோம். பாதி ஆற்றில் நாங்கள் நின்ற இடம் வந்தது, போனது. இக்கரை மணலில் பீப்பாய் உரசியபோது இசக்கிதுரை தீக்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு கூடை சிரட்டை வெளியே எரியாமல் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டினார்.

கரையில் உடனே வழக்கு ஆரம்பித்தது. நடுவில் நின்றுபோன கப்பல் போய்வந்ததாகக் கணக்கா இல்லையா? சாமான் யாருக்குப் போக வேண்டியதோ அவள்தான் சொல்ல வேண்டும் என்று அலிமா பீவியைக் கேட்டார்கள்.

அவள் லாரியின் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். "திருநவேலி பஸ்ஸு கல்லடக்குறிச்சியில நின்னு அப்பளம் ஏத்திக்கிட்டு வருது. அது பஸ்ஸு இல்லன்னு எவனாவது சொல்லுதானா? போச்சு, வந்துச்சு. அம்புட்டுத்தான்."

தீர்ப்பு முடிந்தது. தொழுவம் போனதற்கு ஆறுமுகத்தாய் என்ன சொல்லப்போகிறாள் என்று கூட்டம் அவளைப் பார்த்தது. அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிதானமாகப் பிழிந்து, உதறி, தோளில் போட்டாள். கணவனைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்டா அக்கரையில நிக்குது. கப்பல்ல தீ இருக்கா?"